ஏரிக்கரை ஈர்ப்பு

“பிரபஞ்சத்துல கரும்பொருள்னு ஒண்ணு கிடையவே கிடையாது. உலகத்து விஞ்ஞானிங்க அத்தனை பேரும் தப்பு. நான் சொல்றேன்.”

சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் போகும் மினி பஸ்ஸில், இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து இதை அறிவித்த மோகன்குமார், கல்லூரியில் இயற்பியல் நடத்துபவன். பக்கத்து சீட்டு ஜெயமணி கேட்காமலேயே விளக்கமும் சொன்னான். நட்சத்திரக் கூட்டங்களின் ஓரத்து நட்சத்திரங்கள் கணக்குக்கு மீறிய வேகத்தில் சுற்றுகின்றனவாம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ இழுக்கிறது என்று கதை கட்டுகிறார்களாம். ஈர்ப்பு விதியைத் திருத்தினால் போதுமாம்.

ஜெயமணி மடியிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “அப்ப நம்ம ஏரில ஒண்ணு இழுக்குதே, அது இன்னா சார்?”

அதற்குள் கண்டக்டர் பாண்டியன் குரல் கொடுத்தான். “வளைவு வருது. எல்லாம் ரைட் சைடு வந்துடுங்க.”

கொஞ்ச நாளாக இதுதான் வழக்கம். அந்த வளைவில் ஏரி பஸ்ஸை இழுக்கிறது, உள்ளே என்னவோ இருக்கிறது என்று பேச்சு. பயணிகள் மறுபேச்சில்லாமல் எழுந்து வலப்பக்கம் ஒண்டினார்கள்.

மோகன்குமார் எழவில்லை. கணக்கு உதைத்தால் பேயைக் கூப்பிடுவது வானத்திலும் ஒன்றுதான், ஏரிக்கரையிலும் ஒன்றுதான் என்று சிரித்தான். அதைக் கேட்டு, பஸ்ஸிலிருந்த கல்லூரிப் பையன்கள் ஆறு பேரும் இடப்பக்கமே உட்கார்ந்துவிட்டார்கள்.

வளைவில் பஸ் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே இருந்தது. ஜன்னலுக்குக் கீழே கரை மறைந்து தண்ணீர் மட்டும் தெரிந்தது. மோகன்குமார் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எங்கோ இரும்பு முனகியது. பிறகு, மனசில்லாமல், பஸ் நிமிர்ந்தது.

“பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகல,” என்றான், கம்பியை விடாமல்.

டிரைவர் வேதகிரி பஸ்ஸை ஓரங்கட்டி, அவனை மட்டும் கீழே கூப்பிட்டார்.

“நீ சொல்றது கரெக்டு சார். ஏரில ஒண்ணும் கெடையாது. லெப்ட் சைடு ஸ்பிரிங் ஒடைஞ்சி மூணு மாசம் ஆவுது, அந்தப் பக்கம் வெயிட் ஏறுனா வண்டி சாயுது. ஓனரு மாத்தித் தர்ல. நெசத்தச் சொன்னா எவன் ஏறுவான்? ஏரில என்னமோ கீதுன்னேன், ஜனம் தானா அந்தாண்ட போய் நிக்குது. இன்னும் ஒரு வளைவு கீது சார். தயவு பண்ணு.”

மோகன்குமார் ஏறினான். கண்டக்டர் வாய் திறக்குமுன்பே பையன்களை இழுத்துக்கொண்டு போய், வலப்பக்கக் கம்பியைக் கட்டிப் பிடித்து நின்றான்.

“இன்னா சார், ஏரில ஒண்ணும் இல்லேன்னியே?” என்றாள் ஜெயமணி.

“கீதும்மா,” என்றான், கண்ணை இறுக மூடிக்கொண்டு. “நானே பார்த்தேன்.”