அங்கே குளிராதாம்

“நம்ம யார்மிலாவும் மகளை மறைக்கல்விக்கு மாத்தணுமாம். இந்தாங்க மனு. உங்க கையெழுத்து வேணும்.”

தலைமையாசிரியர் நீட்டிய தாளைப் படித்ததும் தாரினா டீச்சருக்கு முகம் கறுத்துவிட்டது.

அந்தப் பள்ளியில் கிறிஸ்தவ மதம் கற்பிக்கும் மறைக்கல்வி, நன்னெறி இரண்டில் ஒன்றைப் படித்தே ஆக வேண்டும். ஊரில் முக்கால்வாசிப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போய்விடும். எல்லா மதத்தையும், மதமே வேண்டாம் என்பவர்களையும் பற்றிப் பேசுகிற தாரினாவின் நன்னெறி வகுப்பில் மிஞ்சியது பன்னிரண்டு பேர். ஒன்று குறைந்தாலும் வகுப்பை மூடிவிடுவார்கள்.

“பிப்ரவரியில மகன் செத்தப்ப, பாதிரியாரே வரக்கூடாதுன்னு சொல்லிப் புதைச்ச பொம்பளை சார் அது!”

“அடுத்த வருஷம் அந்த வயசுப் பிள்ளைங்களுக்குச் சர்ச்சுல புதுநன்மை விழா வருதுல்ல? இப்பவே சேர்ந்தாத்தான் உண்டு. போன தடவை ஒரு பொடியனுக்கு சைக்கிள், டேப்லெட், கைக்கடிகாரம், எல்லாம் பரிசாக் குவிஞ்சுது. நீங்க என்ன குடுப்பீங்க, வினாத்தாளா?” அவர் சிரித்தார்.

தாரினா சிரிக்கவில்லை. மனுவை மடித்துப் பைக்குள் வைத்தாள். சாயங்காலம் நேரே யார்மிலா வீட்டுக்குப் போனாள்.

யார்மிலா சமையலறையில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது.

“உட்காருங்க டீச்சர். எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும்.”

“உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல யார்மிலா. பரிசுக்காகவா?”

“பரிசா?” யார்மிலா கையைத் துடைத்துக்கொண்டாள். “உங்க வகுப்புல என் மக ராத்கா ஒரு நாள் கேட்டாளாமே, எங்க அண்ணன் இப்ப எங்க இருக்கான்னு?”

தாரினா தலைகுனிந்தாள். “கேட்டா. சிலர் இப்படி நம்புறாங்க, சிலர் அப்படி நம்புறாங்க, யாருக்கும் உறுதியாத் தெரியாதுன்னேன். வேற என்ன சொல்ல முடியும்?”

“நீங்க சொன்னதுதான் சரி. எனக்கும் எதுலயும் நம்பிக்கை கிடையாது. பதினாலு வயசுப் பிள்ளையை உறைஞ்ச ஆத்துப் பனிக்கு அடியில இழுத்துக்கிட்டுப் போன சாமியை நான் எதுக்குக் கும்பிடணும்? ஆனா இவ இருக்காளே, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொல்றா. ‘ஷிமோன் பரலோகத்துல இருக்கான்மா. அங்க குளிராதாம்’னு. கூடப் படிக்கிற பிள்ளைங்ககிட்ட கேட்டுட்டு வர்றா போல. சொல்றப்ப அந்த மூஞ்சியைப் பார்க்கணும் நீங்க. பிடிச்சுக்க அவளுக்காவது ஒண்ணு கிடைச்சிருக்கேன்னு நானும் தலையாட்டுறேன்.”

“மறைக்கல்விக்கு மாறணும்னு...”

“அவதான் கேட்டா. நான் எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்? நான் நம்பலைன்னு மட்டும் அவளுக்குத் தெரிஞ்சிடக் கூடாது டீச்சர். எட்டு வயசுப் பிள்ளை. தாங்க மாட்டா.”

தாரினா மனுவை எடுத்து மேசைமேல் விரித்துக் கையெழுத்துப் போட்டாள். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு பிள்ளையாகச் சேர்த்து நடத்திய வகுப்பு அந்தக் கையெழுத்தோடு முடிந்தது.

அவள் வெளியே வந்தபோது ராத்கா வாசல் கதவருகே நின்றிருந்தாள். கூடவே பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தாள்.

“போட்டுட்டீங்களா டீச்சர்?”

“போட்டுட்டேன்.”

“கோவமா?”

“சேச்சே, இல்லடா கண்ணு.” தாரினா குனிந்து அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். “அண்ணன் பரலோகத்துல இருக்கான்னு நினைச்சா உனக்கு நிம்மதியா இருக்குல்ல? அது போதும்.”

ராத்கா திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தாள். சமையலறை ஜன்னல் மூடியிருந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நான் அதெல்லாம் நம்பல டீச்சர். ஷிமோனைத் தூக்கிட்டு வந்தப்ப நான் பார்த்தேனே.”

“அப்புறம் ஏண்டா...?”

“அப்படிச் சொன்னாத்தான் அம்மா தலையாட்டுறாங்க. ரெண்டு வாய் சாப்பிடுறாங்க. பிள்ளைங்ககிட்ட கேட்டதெல்லாம் சொல்லி முடிச்சிட்டேன் டீச்சர். இனி அந்த வகுப்புக்குப் போய்க் கேட்டுட்டு வந்தாத்தான் உண்டு.”