இரண்டாவது அண்டா

மூன்றாவது நாளும் பால் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை கேன்களோடு பரிசோதகரும் லாரியிலிருந்து இறங்கினார்.

"மாட்டுல குறை இல்லை. கறவை மிஷின்லதான் கிருமி. இன்னும் ஒரு தடவை இப்படி வந்தா லாரி உங்க வாசல்ல நிக்காது."

பண்ணைக்காரனுக்கு முகம் செத்துப்போனது. பன்னிரண்டு மாடு. அந்த வழியாக வருவது அந்த ஒரு லாரிதான்.

"மிஷினை யார் கழுவுறது?"

"நான்தான்," என்றார் அவன் அப்பா. "எட்டு வருஷமா. இன்னொருத்தரைத் தொட விட்டதில்லை."

உண்மைதான். மனைவி போனபிறகு பெரியவர் சாப்பிடக்கூட நாலு தடவை கூப்பிட்டால்தான் வருவார். மிஷின் கழுவ மட்டும் யாரும் கூப்பிட வேண்டாம்.

"அதை ஏன் சார் கேக்குறீங்க?" என்றான் மகன். "கழுவுறது ஒரு மிஷின். அதுக்குத் தினம் ரெண்டு அண்டா வெந்நீர். ஒண்ணு போதாதாப்பான்னா, கறக்க நீ இரு, கழுவ நான் இருக்கேன்னு வாயை அடைச்சிடுவார்."

பரிசோதகர் சிரிக்கவில்லை. மாட்டின் காம்பில் மாட்டும் ரப்பர் குழல் ஒன்றைக் கழற்றி நீட்டினார்.

"உள்ளே விரலை விட்டுப் பாருங்க பெரியவரே."

பெரியவர் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "கண்ணாடி மாதிரி இருக்கு."

பரிசோதகர் தன் விரலை விட்டு எடுத்தார். நுனியில் வெள்ளையாய், வழவழவென்று பழைய பால் ஒட்டியிருந்தது.

பெரியவர் தன் விரலைப் பார்த்தார். அதிலும் ஒட்டியிருந்தது.

"அது நான் கழுவினது சார்."

கொட்டகைக் கதவோரம் மருமகள். நாலு நாள் காய்ச்சலில் கிடந்து அன்றுதான் எழுந்தவள். போர்வையை இன்னும் விடவில்லை.

"நீயா?" என்றான் கணவன். "நீதான் படுக்கையைவிட்டு எழவே இல்லையே."

"தினம் சாயங்காலம் கொஞ்சம் எழுந்து வந்தேன். மாமாவை நான்தான் உள்ளே போகச் சொன்னேன். முடியலை... பச்சைத்தண்ணியில அலசி மாட்டிட்டேன்."

"ரப்பரை மாத்துங்க," என்றார் பரிசோதகர். "கொதிக்கிற தண்ணி, சோப்பு, பிரஷ். நாளைக்குப் பாலைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

லாரி போனதும் மகன் ஆரம்பித்தான்.

"படுத்தவ படுத்தே கிடந்திருக்கக் கூடாதா? மூணு நாள் பாலைச் சாக்கடையில ஊத்த வச்சிட்டியே. உனக்கென்ன, காய்ச்சல்னு இழுத்துப் போத்திக்கிட்டா ஆச்சு. மாடுகிட்ட போய் நான் லீவு கேக்க முடியுமா?"

அவள் தலை நிமிரவில்லை.

"இனிமே உன் நிழல்கூட மிஷின் மேல விழக்கூடாது. அப்பா மட்டும்தான் கழுவணும்."

அதற்குத்தான் அவள் திடுக்கிட்டாள். என்னவோ சொல்ல வாயெடுத்து, மாமனார் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

பெரியவர் ஆணியில் தொங்கிய நீளப் பிரஷை எடுத்தார். துடைத்தார். கொண்டுபோய் மருமகள் கையில் கொடுத்தார்.

"இனிமே இவதான்டா கழுவுவா."

"நல்லாருக்கேப்பா. கெடுத்ததே அவதானே?"

"அவ கை வைக்காததாலதான்டா கெட்டுது. அவ எழுந்தே வரலை. சர்க்கரையில என் விரல் மரத்துப்போய் ஒரு வருஷமாச்சு. வெளியில சொல்ல வெட்கம். காய்ச்சல்ல கிடக்கிறவளை எழுப்ப மனசு வரலை. நாலு நாளைக்கு என் கை தாங்கும்னு ஒரு அசட்டு நம்பிக்கை."

"மாமா..." என்றாள் அவள். "உங்களுக்கு எப்படி..."

மகனுக்குப் பாதிதான் விளங்கியது. திட்டின வாயை எங்கே வைப்பதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றையே கேட்டு வைத்தான்.

"அப்ப, இனிமே ஒரு அண்டா போதும்லப்பா?"

"போதும்டா. ரெண்டாவது எனக்குன்னா நினைச்சே? நான் கழுவிட்டு உள்ளே போனதும், எனக்குத் தெரியக்கூடாதுன்னு மெதுவா வந்து இவ எல்லாத்தையும் திரும்பக் கழுவுவா. இவளுக்குத் தண்ணி ஆறிப்போயிடக் கூடாதுன்னு தினமும் அடுப்புல விட்டுட்டுப் போனேன்."