கதவு தட்டும் தாளம்

"சாவி என்கிட்ட இருக்கு. வர லேட்டாகும், நீ சாப்பிட்டுத் தூங்கு."

செருப்பை மாட்டிக்கொண்டே, எப்போதும் சொல்வதைத்தான் அன்றும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் ஆய்வுக்கூட மாடிப்படியில் மாரடைப்பு. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, அதே ஆய்வுக்கூடத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அங்கேயே வேலை பார்க்கும் கொழுந்தன்தான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தான்.

"செயற்கைக்கோள் இப்ப நம்ம தலைக்கு மேல வருது அண்ணி. அண்ணன் செஞ்ச கருவி அதுலதான் இருக்கு. சிக்னலைச் சத்தமா மாத்தி வச்சிருக்கோம், கேளுங்க."

ஒலிபெருக்கியில் டக்டக்... டக் என்றது. பிறகு மெல்லிய சீழ்க்கை போல ஒன்று.

"பூமியைச் சுத்தி பிளாஸ்மான்னு ஒண்ணு பரவிக் கெடக்கு. மின்னேறின வாயு. கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ அலையால தட்டிட்டு, வாயை மூடிக்கிட்டுக் காத்திருந்தா பதில் கொடுக்கும். அந்தச் சீழ்க்கைதான் பதில். எங்க அடர்த்தி, எங்க காலின்னு அதை வச்சே சொல்லிடலாம்."

ஆய்வுக்கூடத் தலைவர் தொண்டையைச் செருமினார். "வேற தாளத்துல தட்டினா எதிரொலி இன்னும் தெளிவா வரும்மா. மாத்தச் சொல்லி மேலிடத்துல ஒரே நச்சரிப்பு. உங்களுக்காகத்தான் முடியாதுன்னு நிக்கிறோம்."

"எனக்காகவா?"

"பின்ன? 'ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு. வீட்டுக் கதவை இப்படித்தான் தட்டுவேன், கேட்டதும் ஓடி வந்து திறந்துடுவா'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லித்தான் இந்தத் தாளத்தையே வச்சார். உங்களுக்குத் தெரியாததா?"

அவள் கண் கலங்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கலங்கவில்லை.

"மாத்திடுங்க" என்றாள்.

கொழுந்தனுக்குச் சுருக்கென்றது. "என்ன அண்ணி, கல்லு மாதிரி பேசறீங்க! அண்ணன் ஞாபகமா மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அன்று அண்ணனின் சட்டைப்பையிலிருந்து அவனே எடுத்துக் கொடுத்த சாவி.

"என் தூக்கம் கெடக் கூடாதுன்னு எப்பவும் இதை வச்சுத்தான் திறந்துக்கிட்டு வருவார். நம்ம வீட்டுக் கதவை உங்க அண்ணன் ஒரு நாள்கூடத் தட்டினதில்லை."

ஒலிபெருக்கியில் மறுபடியும் டக்டக்... டக்.

உடனே பதிலும் வந்தது.