நாலு தட்டு

"லைட் விஷயமா உன்கிட்டப் பேசணுமாம். பொறுமையா சொல்லி அனுப்பு" என்று அந்த அம்மாளை அறைக்குள் விட்டுவிட்டுப் போனார் புது மேனேஜர்.

எலக்ட்ரீஷியன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

விடுமுறைக் காலத்துக்காகக் கடை வளாகத்தின் முகப்பு முழுக்கச் சர விளக்குகள். சாயங்காலம் பாட்டு ஆரம்பித்தால் நாற்பது சரமும் அதோடு சேர்ந்து ஆடும். பார்க்க ஊரே திரண்டது. பேப்பரில் அவன் படம்கூட வந்தது.

அவன் செய்தது ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரம், முன்பு இந்த வேலையில் இருந்தவர் கம்ப்யூட்டரில் விட்டுப்போன, பாட்டோடு விளக்கை ஆட்டும் ஃபைல் கண்ணில் பட்டது. ஓட்டிப் பார்த்தான். "பிரமாதம்பா, நீயா செஞ்சே?" என்று மேனேஜர் கேட்டபோது சிரித்து வைத்தான். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல வாய் எழவில்லை. யாராவது பாராட்டினால் உடம்பு கூசியது.

"பாட்டையும் விளக்கையும் எப்படித் தம்பி சேர்க்கறீங்க?"

"பாட்டைக் கம்ப்யூட்டர்ல போட்டா கோடு கோடா தெரியும்க்கா. தாளம் விழற இடமா பார்த்து, எந்தச் சரம் எப்ப எரியணும்னு குறிக்கணும்." எங்கோ படித்ததை ஒப்பித்தான்.

"தாளத்தை மெஷினே கண்டுபிடிச்சிடுமா? இல்ல, நாமதான் கையால தட்டிக் குறிக்கணுமா?"

"மெஷினே... பார்த்துக்கும்க்கா."

அந்த அம்மாள் தலையாட்டினாள். "ரெண்டாவது சரணத்துல வாசல் சரம் மட்டும் நாலு தட்டுக்கு எரியலையே?"

அவனுக்கும் அது புரியாத புதிர்தான். "அது வேணும்னே விட்டது. ஒரு அழகுக்கு."

அவள் கம்ப்யூட்டர் மேசையை ஒருமுறை தடவினாள்.

"அழகுக்கு இல்ல தம்பி. இது முழுக்கக் கையால தட்டினது. பாட்டைக் கேட்டுக்கிட்டே ஒவ்வொரு சரமா, நாற்பது தடவை தட்டணும். இதே ரூம்லதான். டியூட்டி முடிஞ்சதும் என் வீட்டுக்காரர் தட்டுவார், சாப்பாடு கொண்டுவந்து வெச்சிட்டு நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். கடைசியா வாசல் சரம். பாதியிலயே வலது கை மரத்துப் போச்சு. இடது கையை மாத்தி முடிச்சார். அதுக்குள்ள நாலு தட்டு போயிடுச்சு. மறுநாள் ஆஸ்பத்திரி. அப்புறம் அந்தக் கை எழும்பவே இல்ல."

அவன் காதெல்லாம் எரிந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கை விழுந்துவிட்ட மனிதரின் உழைப்பைத் திருடியது போதாதென்று, அவர் மனைவிக்கே பாடம் எடுத்திருக்கிறான்.

"தப்புதான்க்கா" என்றான். "நீங்க புகார் கொடுக்கறதுக்கு முன்னாடி நானே மேனேஜர்கிட்டச் சொல்லிடறேன். வேலை போனாலும் போகட்டும்."

எழுந்து கதவுப் பக்கம் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்றது உங்க இஷ்டம். நான் புகார் கொடுக்க வரலை தம்பி. உங்க படத்தைப் பார்த்துட்டு அவர்தான் அனுப்பினார். 'அடுத்த வருஷம் வேற பாட்டு கேப்பாங்க, பாவம் அந்தப் பிள்ளை முழிக்கும். எவ்வளவு தெரியும்னு கேட்டுப் பாரு. தெரியாததை மனசு நோகாம சொல்லிக் கொடுத்துட்டு வா'ன்னார்."