பாஷா பாய் மாற்றிய தண்ணீர்

“வந்துட்டுப் போயிருக்கார்” என்றாள் அம்சவேணி.

“யாரு?” என்றார் அவள் கணவர் கிருஷ்ணராஜ், சாப்பிட்டுக்கொண்டே.

“பாஷா பாய்.”

மஹபூப் பாஷாவைக் கடல் கொண்டுபோய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

“மூளை கெட்டுப்போச்சா உனக்கு?”

“தொட்டியப் போய்ப் பாருங்க. மறுபடி தண்ணி மாத்தியிருக்கு.”

கிருஷ்ணராஜ் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளி. அவர் வீட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. பாம்பனிலிருந்து தருவித்த வரிவரியான கடல் மீன்கள், நடுவில் பவழப் பாறைத் துண்டு. சீமையிலிருந்து தோல் வாங்க வரும் துரைமார் பார்த்து அசந்துபோக வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தான் ஆகும். அதையும் வாரா வாரம் மூன்றில் ஒரு பங்கு இறைத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். “இல்லேன்னா அதுங்க அழுக்குலயே அதுங்க செத்துடும் முதலாளி” என்பார் பாஷா. டேனரிச் சரக்கோடு மெட்ராஸ் போய், காலி ஆசிட் ஜாடிகளில் கடல் தண்ணீரைப் பிடித்து ரயிலில் கொண்டுவருவது அவர் வேலை.

ஒருமுறை அவர் இல்லாதபோது வாட்ச்மேன் ஒருவன் வீட்டுக் குடிதண்ணீரை ஊற்றிவிட்டான். மலையடிவாரக் கிணற்றிலிருந்து மாட்டு வண்டியில் வருகிற, கல்கண்டு மாதிரித் தண்ணீர். மீன்கள் செத்து மிதந்தன. அவனுக்கு அன்றோடு வேலை போயிற்று. பாஷாவைத் தவிர யாரும் தொட்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

கார்த்திகை மாதம் மெட்ராஸ் துறைமுகத்தில் புயல் கொடி ஏற்றிய வாரம் பாஷா தயங்கினார்.

“இந்த வாரம் வேணாம் முதலாளி. கடல் சரியில்லையாம்.”

“மீன் செத்தா நீ பதில் சொல்லுவியா? போய்ட்டு வாய்யா.”

போனார். ஜாடியோடு அலை இழுத்துக்கொண்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு கடல் தண்ணீர் கொண்டுவர யாருமே முன்வரவில்லை. நியாயமாகப் பார்த்தால் மீன்கள் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. வியாழக்கிழமை வந்தால் தொட்டித் தண்ணீர் பளிச்சென்று ஆகிவிடும்.

“இன்னிக்கி மத்தியானம் படுத்துனு இருந்தேன்” என்றாள் அம்சவேணி. “கூடத்துல அவர் மாதிரியே பேச்சு. ‘ஆவோ பேட்டா, ஆவோ’ன்னு. ‘வா புள்ளே’ன்னு அவர் பாஷையில மீனுங்கள அப்டித்தானே கூப்புடுவாரு? எழுந்து வந்து பாத்தா யாரும் இல்ல. தரையில ஈரக் கால்தடம்.”

கிருஷ்ணராஜ் எழுந்துபோய்ப் பார்த்தார். கால்தடங்கள் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

“நம்மதான் அவரச் சாகடிச்சோம்” என்று அழுதாள் அம்சவேணி. “செத்தும் அவர் வேலைய அவர் வுடல. என்னிக்கி நம்ம கழுத்தப் புடிக்கப் போறாரோ.”

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கூடத்துப் பக்கமே போக மாட்டேன் என்றாள். கிருஷ்ணராஜ் அவளை அதட்டினார். ஆனால் பயம் அவருக்கும்தான். ‘போய்ட்டு வாய்யா’ என்று தான் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை, டேனரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்தார். மனைவியை இழுத்துக்கொண்டு அறைக் கதவுக்குப் பின்னால் நின்றார்.

உச்சி வெயில் நேரம். வீடு அரவமில்லாமல் கிடந்தது.

சளப்... சளப்... ஈரக் கால்கள் கூடத்தில் நடந்தன. தண்ணீர் இறைக்கும் சத்தம். பிறகு, மெதுவாக ஊற்றும் சத்தம்.

“ஆவோ பேட்டா... ஆவோ...”

அம்சவேணியின் நகம் அவர் கையில் இறங்கியது. முருகா என்று முனகிக்கொண்டே கிருஷ்ணராஜ் கதவைத் தள்ளினார்.

தொட்டியருகே இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள் தனகோடி. வீடு பெருக்குகிறவள். டேனரிக்குப் பின்புறத் தெருக்காரி.

“நீயா?” என்று கத்தினார் கிருஷ்ணராஜ். “பாஷா மாதிரி இன்னாத்துக்குடி பேசுன?”

அவள் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். “மன்னிச்சிக்குங்க முதலாளி. அப்டிக் கூப்ட்டாத்தான் அதுங்க வருது. பாய் போனதுலேர்ந்து தண்ணி மாத்தாம, மேல வந்து வாயத் தொறந்து தொறந்து தவிச்சிதுங்க. பாய் உசுரக் குடுத்த மீனுங்க, சாக வுட மனசு வரல. சொன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவீங்கன்னு சொல்லாம செஞ்சேன்.”

“என் உசுர எடுத்துட்டியேடி” என்று அம்சவேணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கிருஷ்ணராஜுக்கும் போன உயிர் திரும்பியது. உயிரோடு முதலாளியும் திரும்பிவிட்டார்.

“அது கெடக்கட்டும். உனக்கு ஏது கடல் தண்ணி? யார் கொண்டாந்து தர்றாங்க?”

“கடல் தண்ணி இல்லீங்க. ஒரு தபா பாய் ஜாடியிலேர்ந்து கையில ஊத்தி, கடல் எப்டி இருக்குது பாருன்னாரு. வாயில வெச்சா, எங்க தெருக் கெணத்துத் தண்ணியேதான். அதான் தைரியமா மொண்டாந்து ஊத்தறேன்.”

கிருஷ்ணராஜ் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். உப்புப் போட்ட தோல்களை அலசிய தண்ணீர் டேனரியிலிருந்து எந்தத் தெருப் பக்கம் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும்.

மீனை நினைத்துத்தான் முதலாளி முகம் வெளுத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டாள் தனகோடி.

“கவலப்படாதீங்க முதலாளி, அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எங்க புள்ளைங்க குடிக்கிற தண்ணிதான்.”