ஏழாவது செல்

"ஏங்க, இன்னைக்காவது வண்டி ஓடுமா, இல்ல பஸ்தானா?"

கைப்பையை மாட்டிக்கொண்டே கேட்டாள் அவள். சாப்பாட்டு மேசை முழுக்கப் பதினாறு லித்தியம் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதிரே மீட்டரும் கையுமாக அவள் கணவர். அவளுடைய பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு, தானே பேட்டரி செய்து தருவதாகச் சபதம்.

"பதினஞ்சு செல் தங்கமா இருக்கும்மா. இந்த ஏழாவதுதான் மறுபடி இறங்கிடுச்சு. எல்லாம் ஒரே அளவுல நிக்கணும். ஒண்ணு இறங்கினாலும் மொத்த பேட்டரியும் கட் ஆயிடும்."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். கடையில ஒண்ணு வாங்கியிருந்தா நான் எதுக்கு பஸ்ல நசுங்கறேன்?"

அவர் அசடு வழிந்தார். கல்யாணமான நாளிலிருந்து அதற்கு மட்டும் குறைச்சலில்லை.

"உன் தம்பியை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தா..."

அவள் முகம் சுருங்கியது. தம்பி பேட்டரி மெக்கானிக். கெட்டிக்காரன்தான். ஆனால் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, அக்காவுக்கு போனில் வெறும் போட்டோ அனுப்பியவன். தூக்கி வளர்த்தவளுக்கு மனசு ஆறவேயில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"நீங்க வேணா கூப்பிட்டுக்குங்க. நான் பேசமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். ஏழாவது செல்லைத் தனியாக சார்ஜ் ஏற்றி மற்றவற்றோடு சமமாக்கினான். அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. காபி கணவர் கையில்தான் போனது.

ஒரு வாரம் வண்டி பறந்தது. சனிக்கிழமை மறுபடி ஏழாவது செல் படுத்துக்கொண்டது. ஞாயிறு தம்பி வந்தான். மேசைக்கடியில் கிடந்த ஒரு டார்ச் பல்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தான்.

இந்த முறை காபியை அவளே கொண்டுவந்து, டொக்கென்று வைத்தாள்.

"சக்கரை போதுமான்னு கேளுங்க."

"போதும்னு சொல்லுங்க மாமா."

அடுத்த வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டே விசாரித்தாள். "வீட்ல அவ நல்லாயிருக்காளா?" அதற்கடுத்த வாரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மேசையில் பேட்டரி இருந்ததால் நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பி சின்ன வயதில் செய்த அட்டகாசங்களைச் சொல்லிச் சொல்லி அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

ஆனாலும் கணவர்மேல் எரிச்சல் தீரவில்லை. இத்தனை தடவை பார்த்தும் ஒரு செல்லைச் சரிபண்ணத் தெரியாத மனுஷன்!

அந்தச் சனிக்கிழமை, பேட்டரியைச் சரிபார்க்கணுமென்று அவர் கழற்றிவிட்டதால் பஸ்ஸில் போயிருந்தாள். அலுவலகம் சீக்கிரம் விட்டது. உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

ஏழாவது செல்லில் மட்டும் இரண்டு ஒயர். ஒயர் முனையில் ஒரு குட்டி டார்ச் பல்பு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அவர் சட்டென்று எழுந்து அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க இது?"

"செக் பண்றேன்மா..."

"பல்பு எரிஞ்சா சார்ஜ் இறங்காதா?"

"இறங்கும்."

"அப்போ அந்தச் செல்லுக்கு ஒரு கோளாறும் இல்லையா?"

"பதினாறுலயும் நல்ல செல்லே அதுதான்." தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சும்மா வாடான்னு நீ கூப்பிடமாட்டே. கூப்பிடாம அவன் வரமாட்டான். ரெண்டு பேருக்கும் ரோஷம் மூக்கு நுனியில. நான் வேற என்னத்தைச் சொல்லிக் கூப்பிடறது?"

பஸ்ஸில் நசுங்கியதெல்லாம் நினைவுக்கு வந்து முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவரை விலக்கிவிட்டு அந்தப் பல்பைப் பார்த்தாள். இந்த மனுஷரையா கையாலாகாதவர் என்று அலுவலகம் பூராவும் சொல்லிவைத்தோம்!

"போனைக் கொடுங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

தம்பி எடுத்தான். அவள் சலிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"டேய், உங்க மாமா அந்த ஏழாவது செல்லை மறுபடி கோட்டை விட்டுட்டாருடா. நாளைக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க."

"வர்றோம்க்கா," என்றான் தம்பி. "மாமாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடு. அந்த பல்பை இப்பவே கழட்டிடச் சொல்லு. ரொம்ப நேரம் விட்டா நிஜமாவே செல் செத்துடும்."