வீசிடி கார்டு வாங்க வந்தவன்

"படம் வருது. சத்தம்தான் வரல, பெரியம்மா" என்றான் அந்த இளைஞன், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்தபடி.

விலையைக் குறைக்க அடிபோடுகிறான் என்றுதான் யுக்-லான் நினைத்தாள். பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி எச்சரித்திருந்தாள்.

ஷாம் ஷுய் போ பேட்டையில் அவள் இருந்த வீடு ஏற்கெனவே பாதி காலி. அடுத்த வாரம் முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். அங்கே ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும்தான். மிச்சமிருந்த சாமான்களைப் பக்கத்து வீட்டுப் பெண் படம் பிடித்து இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தாள்.

அதில் ஒன்று, கணவர் கம்-சுன் எப்போதோ வாங்கிவந்த சேகா வீடியோ கேம் பெட்டி. பிள்ளை இல்லாத வீட்டுக்கு இது எதற்கு என்று யுக்-லான் சண்டை போட்டதும், மறு வாரமே ஒரு சின்ன கார்டு கொண்டுவந்தார். பெட்டியின் பின்பக்கம் அதைச் செருகினால் வீசிடியில் படம் பார்க்கலாம். உனக்காகத்தான் வாங்கினேன் என்று சமாளித்தார்.

கார்டு வேலை செய்கிறது என்று காட்ட, ஒரு வீசிடியை ஓடவிட்டு, திரையோடு சேர்த்துப் படம் எடுத்திருந்தாள் அந்தப் பெண். வீட்டில் இருந்தது ஒரே வீசிடிதான். கம்-சுன்னின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்து; திரை நிறைய அவர் முகம்.

விளம்பரம் வந்த மறுநாள் காலையிலேயே இவன் எல்லைக்கு அப்பால் உள்ள ஷென்சென்னிலிருந்து ரயிலேறி வந்துவிட்டான். பெயர் ஹாவ் என்றான். முப்பதைத் தாண்டிய வயது. எங்க வீட்டிலும் இதே பெட்டி இருந்தது, கார்டுதான் இல்லை என்றான். அவள் கொடுத்த சுடுதண்ணீர் குடிக்காமலே ஆறிக்கொண்டிருந்தது.

"கார்டு ஓடுதான்னுதானே பாக்கணும், தம்பி? படம் வந்தாப் போதாதா?"

"சத்தமும் வரட்டும், பெரியம்மா."

ஒவ்வொரு வயராகப் பிடுங்கி, சட்டை நுனியால் துடைத்துச் செருகினான். சட்டென்று விருந்துக் கூடத்தின் இரைச்சல் அறையை நிறைத்தது. மேசைகளுக்கு நடுவே மைக்கைப் பிடித்துக்கொண்டு கம்-சுன் சுருதி பிசகப் பாடினார். பாதியில் வரி மறந்துபோய்ச் சிரித்தார்.

ஹாவ் இப்போது திரையைப் பார்க்கவில்லை. முழங்கால்களில் கையை ஊன்றி, தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், நடுவில் நிற்காமல் ஓடுகிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிடலாமே என்றான். அப்படியே மூன்று தடவை ஓட்டினார்கள்.

மூன்றாவது தடவை, ஐயா இப்போது எங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

இறந்துவிட்டார் என்றாள் யுக்-லான். சார்ஸ் நோய் ஊரை ஆட்டிப்படைத்த வருஷம் அது. வாரத்தில் நாலு நாள் ஷென்சென் தொழிற்சாலை, மூன்று நாள் வீடு என்று அலைந்துகொண்டிருந்த மனிதர், ஒருநாள் காய்ச்சலோடு வந்து படுத்தார். ஆஸ்பத்திரியில் அவளைக்கூட உள்ளே விடவில்லை. கடைசியில் சாம்பல்தான் கைக்கு வந்தது.

"எந்த மாசம்?"

"ஏப்ரல்."

"ஏப்ரலா..." என்று முணுமுணுத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

யுக்-லான் எழுந்துபோய்ப் பெட்டியையும் கார்டையும் ஒரு பையில் வைத்தாள். வீசிடியை உறையில் போட்டு அதையும் மேலே வைத்தாள்.

வீசிடி விளம்பரத்தில் இல்லையே, அது உங்களுடையது என்று அவன் மென்று விழுங்கினான். போகிற இடத்தில் இதை எதில் போட்டுப் பார்க்கப் போகிறேன் என்று அவள் பையை அவன் கையில் திணித்தாள். அவன் பணத்தை எடுத்து நீட்டியபோது, அந்தக் கையை மெல்லத் தள்ளிவிட்டாள்.

லிஃப்ட் வரை கூடவே வந்தாள். அவன் உள்ளே போய்த் திரும்பி நின்றான். மூடப்போன கதவைக் கை வைத்துத் தடுத்து, அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா இன்னும் அவருக்காகக் காத்துக்கிட்டா இருக்காங்க?"